ஜாலுவின் பங்கு

மகலாங் என்கிற ஊரில் ஆற்றைப் பார்த்து இறங்குகிற அந்தச் சந்தில் வினார்தி என்றால் தனி மரியாதை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் ‘இபு’தான், அதாவது அம்மா. பதினோரு வருஷமாகச் சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லாமல், மாதம் ஒரு நாள் சந்துக்குப் பொதுவான கூடத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, குழந்தைகளை எடை போட்டு, ரோஸ் நிறப் புத்தகத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பவள் அவள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் முளைத்தது என்பது பெற்றவளைவிட அவளுக்கு முன்னால் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்று மரியாதைக்குத்தான் சொல்வது.

இன்னொரு கர்வம் அவளுடைய பெருநாள் பலகாரம். நோன்புப் பெருநாளன்று அந்தச் சந்தில் ஒரு வீடு விடாமல் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்க் கைபிடித்து மன்னிப்புக் கேட்பார்கள். கேட்ட கையோடு மேசைமேல் இருக்கிற ஜாடியில் கைவிடுவார்கள். மற்ற வீட்டு ஜாடிகளில் பலகாரம் ஒரு வாரம் கிடக்கும். வினார்தி வீட்டு ஜாடியோ மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். போன வருஷம் எதிர்வீட்டு ஹெஸ்தி, “இபு, அடுத்த வருஷம் என்ன செய்யப் போறீங்கன்னு நினைச்சாலே எனக்கு இப்பவே நாக்கு ஊறுது” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு பேச்சு வினார்தியின் மனதில் பதினோரு மாதம் புளித்துக்கொண்டிருந்தது.

நோன்பு தொடங்கி மூன்றாவது வாரம் ஒரு பிற்பகல், அடுப்பின் மேல் தகர ஓவனை ஏற்றி வைத்துவிட்டுப் பால்பவுடர் டின்னைத் திறந்தாள். அடியைச் சுரண்டியும் இரண்டு கரண்டிக்கு மேல் தேறவில்லை. மாவு பிசைந்தாயிற்று, முட்டை மஞ்சள்கரு அடித்தாயிற்று. கடைத்தெருவிலோ பெருநாள் கூட்டம். இன்னொரு டின் இருக்குமோ என்று அலமாரியைத் திறந்தவள் கண்ணில், மேல் தட்டிலிருந்த இரண்டு பெட்டிகள் பட்டன.

அவை ஜாலுவின் பெட்டிகள். எடை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற பிஸ்கட் ஒன்றில், கஞ்சி மாவு மற்றொன்றில். உள்ளே வெள்ளித்தாள் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் வினார்தியே தன் உருண்டைக் கையெழுத்தில் ‘ஜாலு, முர்னி மகன், வீட்டு எண் ஒன்பது’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். முர்னி சோயாக் கட்டி செய்கிற பட்டறையில் விடிகாலை வேலைக்குப் போகிறவள். எடை போடும் நாளில் வர முடியாமல் இரண்டு மாதமாகப் பிள்ளையைக் கொண்டு வரவில்லை. தாய் வராவிட்டால் வீடு தேடிப் போய்க் கொடுக்க வேண்டும் என்பது விதி. முர்னியின் வீடு முப்பது படி மேலே. ‘வராதவளுக்கு நான் படியேறிப் போய்க் கொடுக்கணுமாக்கும்’ என்று வினார்திக்கு ஒரு வீம்பு. வீம்பு பெட்டியில் ஏறி இரண்டு வாரமாக அலமாரியில் உட்கார்ந்திருந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் ஐந்து வாரத்தில் காலாவதி. ‘ஒரு பொட்டலம் எடுப்போம், நாளைக்கு வாங்கி வைத்துவிடலாம்’ என்று நினைத்தாள். திருட்டுக்கு எப்போதும் நாளை என்றுதான் பெயர்.

குழந்தைக் கஞ்சி மாவைக் கலந்து சுட்டால் பலகாரம் வாயில் போட்டதும் கரையும். இது அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சூட்சுமம்தான். கடையில் வாங்கிச் செய்தால் சூட்சுமம். அடுத்தவள் பிள்ளையின் பெட்டியை உடைத்துச் செய்தால் அதற்கு வேறு பெயர். முதல் பொட்டலத்தைக் கொட்டியதும் மாவு பட்டாகத் திரண்டது. அந்த மாவின் மென்மை கையில் பட்டபோது அவளுக்கு ஹெஸ்தியின் பேச்சு ஞாபகம் வந்தது. இரண்டாவதும் போயிற்று. பிஸ்கட்டையும் அம்மியில் பொடித்துப் போட்டாள். மொத்தம் பதினான்கு பொட்டலம். உருட்டும்போது கை பழக்கத்தில் எல்லாம் விரல் நீளத்துக்கு வந்தன. எடை நாளில் தாய்மார்களுக்குச் செய்து காட்டுவதெல்லாம் அந்த அளவுதான், குழந்தை முஷ்டியில் பிடித்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

நோன்பு என்பதால் ருசி பார்க்கவில்லை. ஆறியதும் மூன்று ஜாடிகளில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டாள். அந்த ஊர் வழக்கம் அது, பெருநாள் காலைவரை திறக்க மாட்டார்கள். நோன்பு திறந்த பிறகாவது ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடத் தோன்றவில்லை, ஏனென்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் அவள் விரும்பவில்லை. வெள்ளித்தாள்களைக் கழுவி, கூடை முடைவதற்காகச் சேர்த்து வைக்கிற சாக்கின் அடியில் திணித்தாள். பெண்கள் எல்லோரும் சேர்க்கிற சாக்கு அது. நல்ல தாள், வீணாக்க மனசு வரவில்லை. கடைசியாகப் பதிவு நோட்டை எடுத்து, ஜாலுவின் பெயருக்கு நேரே ‘பெற்றுக்கொண்டேன்’ கட்டத்தில் முர்னி போடுவதுபோல ஒரு கிறுக்கல் போட்டாள். அவள் வாய் நோன்பு இருந்தது. கை இருக்கவில்லை.

பெருநாளுக்கு ஆறு நாள் முன்னால் எடை நாள் வந்தது. முர்னி எப்படியோ அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வினார்தி அன்றைக்குத் தாய்மார்களைச் சுற்றி உட்காரவைத்துச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். “இன்னும் எத்தனை நாளைக்குப் பிசைஞ்சு பிசைஞ்சு ஊட்டுவீங்க? இந்தா பாருங்க, கேரட்ட இப்படி நீட்டா வெட்டி ஆவில வேகவையுங்க. ரெண்டு விரல்ல அமுக்கினா நசுங்கணும். நசுங்கலைன்னா குடுக்காதீங்க, தொண்டையில சிக்கும். சோயாக் கட்டியையும் முட்டையையும் கலந்து இப்படி விரல் விரலாச் சுடுங்க. அவனே பிடிச்சுத் திங்கட்டும். சட்டையெல்லாம் அப்பிக்குவான், துவைச்சுக்கலாம்.”

“எங்க வீட்டுல புருஷனே இன்னும் அப்படித்தான் திங்கறான் இபு” என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது.

அதற்குள் ஜாலுவைத் தராசில் போட்டாயிற்று. பதினோரு மாதப் பிள்ளை, ஏழு கிலோகூட இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் ரோஸ் புத்தகத்தில் புள்ளியைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, பதிவு நோட்டைப் புரட்டினாள்.

“என்னம்மா இது? ரெண்டு பெட்டி வாங்கியிருக்கே. கையெழுத்து இருக்கு. ஒரு பொட்டுகூட ஏறலையே?”

“நானா? நான் வாங்கலையே…” என்று முர்னி வினார்தியைப் பார்த்தாள்.

வினார்தி குனிந்து கேரட் துண்டுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நேராக இருந்ததைக் கோணலாக்கி, மறுபடி நேராக்கினாள். நர்ஸிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு அப்போது ஒரு முழு நிமிஷம் இருந்தது.  அவள் இன்னொரு கேரட்டை எடுத்து வெட்டினாள்.

“விடுங்க நர்ஸ்” என்றாள் ஹெஸ்தி. “பட்டறையில விடிகாலையிலேருந்து நிக்கறா. பசிச்சிருக்கும். புள்ளை பிஸ்கட்ட அம்மா பதம் பார்த்துட்டா.”

“நோன்பு மாசத்துலயா? அதுவும் பகல்லயா?” என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிய சிரிப்பு. முர்னி ஜாலுவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “இனிமே கவனமா இருக்கறேன் நர்ஸ்” என்றாள். செய்யாத தப்புக்குத் தலையாட்டிவிட்டுப் போவது ஏழைக்குப் பழக்கம்தானே. அன்றைக்கே அவளுக்குப் ‘பிஸ்கட் முர்னி’ என்று பெயர் விழுந்துவிட்டது.

சாயங்காலம் முர்னி வினார்தியின் வாசலுக்கு வந்து நின்றாள்.

“இபு, ஒண்ணு கேக்கணும். அந்தப் பெட்டிய எங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரா?”

கடவுள் ஒருவனுக்கு ஒரு தடவைதான் கதவைத் திறப்பார் என்பார்கள். வினார்திக்கு அன்றைக்கு இரண்டு தடவை திறந்தார். அவள் இரண்டாவது தடவையும் கதவைச் சாத்தினாள்.

“இருக்கும் முர்னி… எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. எத்தனையோ பேர் வராங்க போறாங்க.”

அன்று நோன்பு திறந்த கொஞ்ச நேரத்தில் படிக்கு மேலேயிருந்து சத்தம் கேட்டது. முர்னியின் கணவன் சுகெங் செங்கல் சூளைக்குப் போகிறவன், லேசில் குரல் உயர்த்தாதவன். “நான் தொடவே இல்லைங்கறேன், வேதத்து மேல சத்தியம் பண்ணட்டுமா?” என்று கத்தினான். “அப்ப கையெழுத்து வானத்துலேருந்து விழுந்துச்சா? வித்துத் தின்னுட்டுச் சத்தியம் வேறயா?” என்று முர்னி அழுதாள். மறுநாள் சுகெங் பையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டான். பெருநாளுக்கும் வர மாட்டானாம். அந்தச் சண்டையில் ஒவ்வொரு சொல்லையும் வினார்தி சமையலறையில் நின்று கேட்டிருந்தாள்.  தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ள முடியுமானால் அன்று துப்பியிருப்பாள். ஆனாலும் படியேறவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். மறுபடி அந்த நாளை.

பெருநாள் விடிந்தது. தொழுகை முடிந்து, ஓலைப்பொட்டலத்தில் வேகவைத்த கெத்துப்பாட் சோறும் கோழிக் குழம்பும் மணக்கிற வீட்டில், வினார்தி ஒரு ஜாடியின் டேப்பை உரித்து மேசைமேல் வைத்தாள். மற்ற இரண்டும் சமையலறையில் இருந்தன. சற்று நேரத்தில் ஹெஸ்தியும் ஏழெட்டு வீட்டுக்காரர்களும் கூட்டமாக உள்ளே வந்தார்கள். கடைசியில் முர்னி, தூளியாகக் கட்டிய துணியில் இடுப்பில் ஜாலு. கூடப் புருஷன் இல்லை.

ஒவ்வொருவராகக் குனிந்து வினார்தியின் கையைப் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார்கள். அவளும் பதிலுக்குக் கேட்டாள். வருஷா வருஷம் சொல்கிற சொல், எச்சில் விழுங்குவதுபோல வந்துகொண்டிருந்தது. ஹெஸ்தி முதலில் ஜாடிக்குள் கைவிட்டாள்.

“இபு! வாயில வெச்சேன், ஆளக் காணோம்! என்ன போட்டீங்க? என்ன வாசனை இது, புதுசா இருக்கே!”

“ஜாடிய பிஸ்கட் முர்னி பக்கம் தள்ளாதீங்கடி” என்றாள் பக்கத்திலிருந்தவள். “நமக்கு மிஞ்சாது.”

மன்னிப்புக் கேட்ட வாய் காய்வதற்குள் கேலி. எல்லோரும் சிரித்தார்கள். முர்னியும் கொஞ்சம் சிரித்தாள், சிரிக்காவிட்டால் இன்னும் நீளும் என்று.

அந்தச் சமயத்தில்தான் ஜாலு துணியிலிருந்து எட்டி ஜாடிக்குள் கையை விட்டான். எதைக் கொடுத்தாலும் வாயைப் பூட்டிக்கொள்கிற பிள்ளை என்று ரோஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிற ஜாலு. விரல் நீளப் பலகாரம் ஒன்றை முஷ்டியில் பிடித்து, இருக்கிற இரண்டு பல்லால் சுரண்டி, ஈறால் கரைத்து, தானே தின்று முடித்தான். உடனே மறுபடி கையை நீட்டினான். அவன் கைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது அந்தப் பலகாரம்.

முர்னி அவன் மோவாயில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தெடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். போட்டவள் அப்படியே நின்றாள். அரசாங்கப் பிஸ்கட்டுக்கு ஒரு வாசனை உண்டு, சத்து மருந்தைக் கலந்த வாசனை. அதை எந்த வெண்ணெயாலும் முழுதாக மறைக்க முடியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாங்கிய பெட்டியைப் பாலில் நனைத்து நனைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தவள் அவள். மெதுவாக நிமிர்ந்து வினார்தியைப் பார்த்தாள்.

தெரிந்துவிட்டது என்று வினார்திக்குத் தெரிந்தது.

“இபு, இவன் இன்னும் ஒண்ணு கேக்கறான். எடுத்துக்கட்டுமா?” என்றாள் முர்னி. குரலில் கோபம் இல்லை. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“எடுத்துக்கோ” என்றாள் வினார்தி. 

முர்னி பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, முறைப்படி வந்து வினார்தியின் முன்னால் மண்டியிட்டுக் கையைப் பிடித்தாள். “தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது, எல்லாத்தையும் மன்னிச்சிடுங்க இபு. நான் மாசாமாசம் வராம இருந்தது தப்புதான்.”

இப்போது வினார்தி சொல்ல வேண்டியது ஒரே வரி. அது வரவில்லை. தன்னிடம் மன்னிப்புக் கேட்கிற அந்தக் கை, சோயாத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன கை, அவள் கைக்குள் இருந்தது.

“முர்னி, உன் வீட்டுக்காரர் பெட்டிய வாங்கல. நான்தான் எடுத்தேன். இந்தப் பலகாரத்துல இருக்கறது ஜாலுவோட பிஸ்கட்டும் கஞ்சி மாவும். கையெழுத்தும் நான் போட்டது.”

 ஹெஸ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பார்த்தீங்களா நம்ம இபுவ! பெருநாளாச்சேன்னு அந்தப் பொண்ணோட பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாங்க. நாம கேலி பண்ணினோம்ல, நமக்குத்தான் இந்தப் பாடம்.”

“அந்த மனசு யாருக்கு வரும்?” என்றாள் இன்னொருத்தி. ஓரமாக உட்கார்ந்திருந்த வினார்தியின் கணவர்கூடப் பெருமையாக மீசையைத் தடவினார்.

பாருங்கள் அநியாயத்தை. பதினோரு வருஷம் சேர்த்து வைத்த நல்ல பெயர், உண்மையைச் சொன்னால்கூட நம்பவிடாமல் வந்து நிற்கிறது. வினார்தி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், நம்பாதது அவர்கள் பாடு என்று இருந்திருக்கலாம். அவளுக்கு அந்த ஆசை வரவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மூச்சு நேரம் வந்தது. அப்போது முர்னி, “பரவாயில்ல இபு” என்று சொல்லி எழுந்தாள். அந்தப் பரவாயில்லையில், இனி யாரும் தன்னை நம்பப் போவதில்லை என்கிற களைப்பு இருந்தது.

வினார்தி சமையலறைக்குப் போய்ச் சாக்கை இழுத்து வந்தாள். மேசைமேல் கவிழ்த்தாள். காப்பித்தாள், சோப்புத்தாள் எல்லாம் சரிந்து விழ, கடைசியில் பதினான்கு வெள்ளித்தாள்கள் விழுந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, எழுத்து மேலே தெரியும்படி ஜாடியைச் சுற்றி வைத்தாள். ஜாலு, முர்னி மகன், வீட்டு எண் ஒன்பது. ஜாலு, முர்னி மகன், வீட்டு எண் ஒன்பது. அந்த உருண்டைக் கையெழுத்து சந்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோர் வீட்டு ரோஸ் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது.

ஹெஸ்தியின் வாயில் பாதிப் பலகாரம் இருந்தது. அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வினார்தியின் கணவர் தரையைப் பார்த்தார்.

முர்னி ஒரு தாளை எடுத்துப் படித்தாள். நிதானமாகப் படித்தாள்.

“அப்ப அவரு பொய் சொல்லல” என்றாள்.

வேறு எதுவும் கேட்கவில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள், புருஷனிடம் காட்டவோ என்னவோ. பிறகு ஜாடியை மூடி எடுத்துக்கொண்டாள். “இது இவனோடது இபு. எடுத்துட்டுப் போறேன்.” மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பெருநாளன்று அந்தச் சந்தில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் எழுந்து போனவர் அதற்கு முன் யாரும் இல்லை.

வினார்தி மீதி இரண்டு ஜாடிகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். சந்து முழுக்கப் புதுத்துணியில் ஜனம் நின்று பார்த்தது. முப்பது படி. இரண்டு வாரம் முன்னால் ஏறியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. முர்னி வாசலில் திரும்பி நின்று ஜாடிகளை வாங்கிக்கொண்டாள்.

“இபு, அடுத்த மாசம் இவன நீங்க எடை போட வேணாம். வேற யாராவது போடட்டும்.”

“சரிம்மா” என்றாள் வினார்தி. அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று அதை விழுங்கிக்கொண்டு இறங்கினாள்.

பெருநாளன்று அந்தச் சந்தில் யாரும் கதவைச் சாத்த முடியாது. வீட்டுக்கு வீடு வந்துகொண்டே இருந்தார்கள். கைபிடித்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், உட்கார்ந்தார்கள், ஜாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். “எங்க இபு, இந்த வருஷம் பலகாரம் இல்லையா?” என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். யார் பிள்ளையின் மாவு, யார் எடுத்தது, யார் கையெழுத்துப் போட்டது, யாருக்குப் பழி போயிற்று என்று ஒன்று விடாமல் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு வீடு. ஒரு தடவைகூட அது முந்தின தடவையைவிட லேசாக இருக்கவில்லை.